இரவில் 15 நிமிடம்: அன்றாடப் பொழுதில் எதிர்நோக்கையும் அன்பையும் கண்டுகொள்ள ஆன்ம ஆய்வு (முழுமையான வழிகாட்டி)

படுக்கப் போகும் முன் செய்கிற ஆன்ம ஆய்வைப் பற்றிய வழிகாட்டி இது. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலின் 43-ஆம் எண்ணில் ஐந்து படிகளாக எழுதி வைத்த செபம்தான். நன்றி, ஒளி கேட்டல், அன்றைய பொழுதைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, தீர்மானம் என்பது அதன் வரிசை. வீட்டில் செய்கிறவர்களுக்கு முன்னும் பின்னும் தேவைப்படுகிற சிலவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எங்கள் பங்கில் அன்பிய (அக்கம்பக்கக் கிறிஸ்தவக் குடும்பங்களின் சிறு குழு) கூட்டங்களிலும் தவக்காலத்திலும் இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆசையாகத் தொடங்கிய பலர் இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "உட்கார்ந்தாலே மனசு கனத்துப் போகுது" என்பார்கள். அவர்களிடம் பக்திக் குறைவு எதுவும் இல்லை. வரிசையை மாற்றிச் செய்திருப்பார்கள், அவ்வளவுதான்.

## 1. தொடங்கும் முன்: இரண்டு சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

முதல் சொல், எதிர்நோக்கு. பழைய செபப்புத்தகத்தில் விசுவாச மந்திரம், நம்பிக்கை மந்திரம், தேவசிநேக மந்திரம் என்று மூன்று இருக்கும். இன்றைய பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் அதே மூன்றும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று வருகின்றன (1 கொரிந்தியர் 13:13). அதாவது பாட்டி நம்பிக்கை என்று சொன்னதைத்தான் நாம் இப்போது எதிர்நோக்கு என்கிறோம். 2025 யூபிலி ஆண்டில் "எதிர்நோக்கின் திருப்பயணிகள்" என்று கோயில்தோறும் கேட்ட பிறகு இந்தச் சொல் பழகிவிட்டது. ஆனாலும் குழப்பம் தீரவில்லை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், எதிர்நோக்கை எதிர்பார்ப்பு என்று எடுத்துக்கொள்வதில். மகனுக்கு வேலை கிடைக்கும், ஸ்கேன் ரிப்போர்ட் நல்லபடியாக வரும் என்பது எதிர்பார்ப்பு. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஆண்டவர் கையை விடமாட்டார் என்று அவர் பக்கம் முகம் திருப்பி நிற்பது எதிர்நோக்கு. இயேசு சிலுவையில் இறந்த பிறகு எம்மாவு என்ற ஊருக்குப் போன இரண்டு சீடர்களின் எதிர்பார்ப்பு உடைந்துபோயிருந்தது. அவர்களுக்கு எதிர்நோக்கு கிடைத்தது அதே சாலையில்தான். இந்த வேறுபாடு தெரியாமல் உட்கார்ந்தால், நினைத்தது நடக்காத நாளெல்லாம் வெறும் நாளாகத் தெரியும்.

இரண்டாவது சொல், ஆய்வு. பாவசங்கீர்த்தனத்துக்கு முன் பத்துக் கட்டளைகளை வரிசையாக வைத்து ஆத்தும சோதனை செய்யப் பழகியிருக்கிறோம். அது நல்லது, தேவையானது. அதையே தினமும் இரவில் செய்வதுதான் ஆன்ம ஆய்வு என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே முதலில் தேடுவது ஆண்டவர் இன்று எங்கே இருந்தார் என்பதை. நம் தவறுகள் அதற்கு அப்புறம்தான் வரும்.

## 2. இடம், நேரம், நோட்டு

இடம்: உட்கார்ந்து செய்கிற இடம். படுக்கை வேண்டாம். படுத்துக்கொண்டு தொடங்கியவர்கள் மூன்றாவது நிமிடம் தூங்கிவிடுவார்கள். வீட்டில் தனி அறை இல்லையா? அடுப்படித் திண்ணை போதும், மொட்டைமாடிப் படி போதும். ஒரே இடமாக இருக்கட்டும். ஒரு வாரம் போனால் அந்த இடத்துக்குப் போனதுமே உடம்பு அடங்கத் தொடங்கும்.

நேரம்: கடிகார நேரத்தைவிட, தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு கட்டிப்போடுவது நல்லது. பாத்திரம் கழுவி முடித்ததும், வாசல் கதவைப் பூட்டியதும், குடும்பச் செபமாலை முடிந்ததும் என்று வையுங்கள். 9:30 என்று வைத்தால் விருந்தாளி வந்த நாளில் கைவிட்டுப் போகும். கதவு பூட்டாத நாள் இல்லை. இரவுப் பணிக்குப் போகிறவர்கள் காலையில் வீடு திரும்பியதும் செய்யலாம்.

கையில் வேண்டியது: 40 பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. போன் வேறு அறையில் இருக்கட்டும். போனிலேயே எழுதிக்கொள்கிறேன் என்று சொன்னவர்கள் ஒரு குறுஞ்செய்தியைப் பார்த்து அதிலேயே போனதைத்தான் கண்டிருக்கிறேன். மெழுகுதிரி, சுரூபம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தள்ளிப்போட வேண்டாம்.

## 3. அடங்கி உட்காருங்கள் (1 நிமிடம்)

சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளுங்கள். மெதுவாக. நாள் முழுக்க அவசரமாக வரைகிற கை இங்கே நிதானிக்கட்டும். அப்புறம் மூச்சை நாலைந்து முறை கவனித்துவிட்டு, "ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர்" என்று ஒரு முறை சொல்லுங்கள்.

இந்த ஒரு நிமிடத்தைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். தாண்டினால் என்ன ஆகும்? அடுத்து வருவதெல்லாம் நம்மோடு நாமே பேசிக்கொள்வதாக மாறிவிடும். அப்படியே போனால் அது டயரி. அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்புதான் அதைச் செபமாக்குகிறது.

## 4. நன்றி முதலில் (3 நிமிடம்)

மூன்று காரியங்களுக்கு நன்றி சொல்லுங்கள். மூன்றும் இன்று நடந்தவையாக இருக்க வேண்டும். கையால் தொட்ட, கண்ணால் பார்த்த, காதால் கேட்டவையாக இருக்க வேண்டும்.

"நல்ல குடும்பத்துக்கு நன்றி, ஆரோக்கியத்துக்கு நன்றி" என்று பொதுவாகச் சொல்வதுதான் எல்லாரும் செய்கிற முதல் பிழை. அது பொய்யில்லை. ஆனால் நேற்றும் அதைத்தான் சொன்னோம், நாளையும் அதையேதான் சொல்வோம். இன்றைய நாளுக்குள் அது நம்மைக் கொண்டுபோகாது. "மீன் விற்கிற அக்கா, சில்லறை இல்லாதபோது நாளைக்குத் தாங்க என்று சொல்லிவிட்டுப் போனது" என்று சொல்லிப் பாருங்கள். அந்த அக்காவின் முகம் வரும். தெரு வரும். உங்கள் மேல் அவர் வைத்த நம்பிக்கை வரும்.

நன்றி ஏன் முதலில்? தவறிலிருந்து தொடங்கினால் கண் நம் மேலேயே நிற்கும். அந்தக் கண்ணோடு கடவுளைப் பார்த்தால் அவர் கணக்குக் கேட்கிறவராகத்தான் தெரிவார். நன்றியிலிருந்து தொடங்கும்போது கொடுக்கிறவராகத் தெரிகிறார். கொடுக்கிறவரிடம் தவறை ஒத்துக்கொள்வது எளிது. இரண்டாம் வாரத்தில் மனசு கனத்துப்போனவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் வரிசை மாற்றியிருந்தார்கள்.

அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்த மாதங்களில் எனக்கு நன்றி சொல்ல எதுவுமே கிடைக்காத இரவுகள் இருந்தன. ஒரு நாள் வெகுநேரம் உட்கார்ந்த பிறகு நினைவுக்கு வந்தது: படுக்கை விரிப்பு மாற்ற வந்த அக்கா, யாரும் கேட்காமலே மின்விசிறியை அப்பா பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அப்போது அது என் மனதில் படவே இல்லை. அன்றிலிருந்து, ஒன்றும் இல்லை என்று சொல்லி இந்தப் படியைத் தாண்டுவதில்லை. மூன்று கிடைக்காவிட்டால் ஒன்று கிடைக்கும்வரை உட்காருகிறேன்.

## 5. ஒளி கேளுங்கள் (அரை நிமிடம்)

"தூய ஆவியே, இந்த நாளை நீர் பார்த்ததுபோல் எனக்குக் காட்டும்." இது போதும். "இறைவா, என்னை ஆய்ந்து என் உள்ளத்தை அறிந்துகொள்ளும்" என்று கேட்கிற 139-ஆம் திருப்பாடலின் கடைசி வரிகளைச் சொன்னாலும் சரி.

சின்னப் படிதான், விட்டுவிடாதீர்கள். நம் நினைவு பாரபட்சமானது. யார் நம்மைப் புண்படுத்தினார்கள் என்பதை உடனே எடுத்து நீட்டும், நாம் புண்படுத்தியதை மடித்து வைக்கும். சிலருக்கு நேர்மாறாக, தன்னைக் குற்றவாளியாக்குவதை மட்டுமே நீட்டும். இரண்டுமே முழு உண்மை இல்லை.

## 6. அன்றைய பொழுதைத் திரும்பிப் பாருங்கள் (5 நிமிடம்)

இதுதான் நடு வேலை. காலையில் கண் விழித்ததிலிருந்து இப்போது உட்கார்ந்த வரை, ஒவ்வொரு காட்சியாக ஓட்டிப் பாருங்கள்.

எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. எங்கள் அன்பியத்தில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் சவாரி சவாரியாகப் பார்க்கிறார். செவிலியர் ஒருவர் படுக்கை படுக்கையாகப் பார்க்கிறார். வீட்டில் இருக்கிறவர்கள் காலைச் சமையல், பிள்ளைகள் போன பிறகு, மதியம், விளக்கு வைத்த பிறகு என்று நாலு துண்டாக்கலாம். மணிக்கணக்கு வைத்துத் தொடங்கினவர்கள், 11 மணிக்கு என்ன செய்தேன் என்று தேடுவதிலேயே நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்கள்.

பார்க்கும்போது ஒவ்வொரு துண்டிலும் கேட்க வேண்டியவை இரண்டு.

எங்கே எதிர்நோக்கு கூடியது, எங்கே வற்றியது? எங்கே அன்பு கூடியது, எங்கே சுருங்கியது?

இவை நானாகப் போட்ட கேள்விகள் இல்லை. எதிர்நோக்கும் நம்பிக்கையும் அன்பும் வளர்கிற உள்ளத்து அசைவைத்தான் இஞ்ஞாசியார் ஆன்ம ஆறுதல் என்கிறார் (எண் 316). எதிர்நோக்கும் அன்பும் வற்றி, ஆண்டவரைவிட்டு விலகிப்போனதுபோல் கிடப்பதை வறட்சி என்கிறார் (எண் 317). சந்தோஷமாக இருந்தேனா என்று அவர் கேட்கவில்லை. அழுதுகொண்டே அன்பு கூடலாம். சாவு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரம்மா ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எதிர்நோக்கு கூடியிருக்கலாம். கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டே, அடுத்தவர் நகையைப் பார்த்து அன்பு சுருங்கியிருக்கலாம்.

இங்கே புதியவர்கள் தடுக்குகிற இடங்கள் நான்கு.

ஒன்று, பெரிய நிகழ்ச்சியைத் தேடுவது. "இன்னைக்கு ஒண்ணும் நடக்கலையே" என்பார்கள். மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தீர்களா? எந்த மனதோடு கொடுத்தீர்கள்? அங்கேதான் பார்க்க வேண்டும்.

இரண்டு, அடுத்தவர் ஆய்வில் இறங்குவது. கணவர் என்ன சொன்னார், கொழுந்தியாள் எப்படி முகத்தைத் திருப்பினாள் என்று போய்க்கொண்டே இருக்கும். அவர் சொன்னதை ஒரு வரியில் நிறுத்திவிட்டு, "அப்போது எனக்குள் என்ன நடந்தது?" என்று திரும்புங்கள்.

மூன்று, உடனே தீர்ப்பு எழுதுவது. இந்தப் படியில் பார்ப்பது மட்டும்தான். மன்னிப்புக்குத் தனிப் படி வருகிறது. காட்சி வந்ததும் "ஐயோ, நான் ஏன் இப்படி" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டால் மீதி நாள் பார்க்கப்படாமலே போகும்.

நான்கு, நல்ல உணர்வு வந்த இடமெல்லாம் ஆண்டவர் பேசியதாக முடிவு கட்டுவது. சண்டையில் ஜெயித்தாலும்கூட மனசு நிறையும். அந்த நிறைவு சற்று நேரம் கழித்து என்னை யாரிடம் கொண்டுபோய்விட்டது என்று பாருங்கள். யாரிடமாவது கூடுதல் கனிவோடு நடக்க வைத்ததா, மேலும் ஒரு குத்தல் பேச்சுக்குத் தயார் பண்ணியதா? விளைவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதை ஏன் இரவில் செய்கிறோம் என்று கேட்கிறார்கள். எருசலேமிலிருந்து எம்மாவு ஏறத்தாழ 11 கிலோ மீட்டர் தூரம். இயேசு கூடவே நடந்து பேசிக்கொண்டு வந்தும் அந்த இருவருக்கும் வழியில் தெரியவில்லை. பந்தியில் அப்பம் பிட்ட பிறகுதான், "வழியிலே நம் உள்ளம் பற்றி எரியவில்லையா?" என்று திரும்பிப் பார்த்துச் சொல்கிறார்கள். நமக்கும் வழியில் பெரும்பாலும் தெரிவதில்லை.

## 7. ஒரே காட்சியில் நில்லுங்கள் (2 நிமிடம்)

ஓட்டிப் பார்த்ததில் மனசை இழுத்த ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லதோ கெட்டதோ, ஒன்று போதும். அதைப் பற்றி ஆண்டவரிடம் பேசுங்கள். நண்பரிடம் பேசுவதுபோல, உங்கள் ஊர்ப் பேச்சில். மனப்பாட மந்திரத்தை இங்கே மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

எல்லாவற்றையும் பேசித் தீர்க்க முயல்கிறவர்களுக்கு அரை மணியும் போதாது. அடுத்த நாள் அதை நினைத்தே மலைத்துவிடுவார்கள். விட்டுப்போனது முக்கியமானதாக இருந்தால் நாளைக்கும் வரும்.

## 8. மன்னிப்பு (2 நிமிடம்)

இப்போது தவறுகள். பேரைச் சொல்லி, செயலைச் சொல்லிக் கேளுங்கள். "நான் பாவி" என்பது உண்மைதான், ஆனால் மறைந்துகொள்ளவும் வசதியான சொல். "மதியம் அம்மா இரண்டாவது தடவை கேட்டபோது வேண்டுமென்றே காதில் விழாததுபோல் இருந்தேன்" என்பதில் மறைய இடமில்லை. கடைசியில், பாவத்துக்காக வருந்திச் சொல்கிற உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கு, பதில் இல்லை. சாவான பாவம் என்று மனசாட்சி சொன்னால், இரவில் மனஸ்தாபப்பட்டதோடு நிறுத்தாமல் குருவிடம் போக வேண்டும். தினமும் ஆய்வு செய்கிறவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் எளிதாகும், ஏனென்றால் எதைச் சொல்வது என்று வரிசையில் நின்றுகொண்டு தேட வேண்டியிருக்காது.

எதைச் செய்தாலும் பாவமோ பாவமோ என்று அரித்துக்கொண்டே இருக்கிற மனசு சிலருக்கு உண்டு. அவர்கள் இந்தப் படியை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு, நன்றிக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுக்கட்டும். பங்குத்தந்தையிடமோ, பழக்கமான ஆன்ம வழிகாட்டியிடமோ இதைச் சொல்லி, அவர் சொல்கிற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

## 9. நாளைக்கு ஒன்று (1 நிமிடம்)

ஒரே ஒரு தீர்மானம். அதற்கு நேரம் இருக்க வேண்டும், ஆள் இருக்க வேண்டும், கை செய்கிற வேலை இருக்க வேண்டும்.

"நாளை பொறுமையாக இருப்பேன்" என்றால் காலை 7 மணிக்கே உடைந்துவிடும். "காலையில் மகன் ஷூவைத் தேடும்போது கத்தாமல் கூடச் சேர்ந்து தேடுவேன்" என்றால் செய்யலாம். செய்தோமா இல்லையா என்று மறுநாள் இரவு தெரியும். கோபத்தோடு பிரிந்தவர் ஒரே வீட்டில் இருந்தால் நாளை வரை வைக்காதீர்கள். பொழுது சாய்வதற்குள் சினம் தணியட்டும் என்கிறது எபேசியர் திருமுகம் (4:26). எழுந்து போய் "சாப்பிட்டியா?" என்று கேட்டால்கூடப் போதும். நம் வீடுகளில் பாதி சமாதானம் அந்தக் கேள்வியில்தான் நடக்கிறது.

பரலோக மந்திரம் சொல்லி முடியுங்கள்.

## 10. ஒரு வரி எழுதுங்கள்

செபம் முடிந்த பிறகு தேதி போட்டு ஒரே வரி. "மீன்கார அக்கா. கடன். அவருடைய சிரிப்பு." இவ்வளவுதான். பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கினால் எழுத்து அழகாக வர வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடும், அப்புறம் எழுதுவதற்காகவே அனுபவம் தேடுவோம்.

நோட்டை யாரும் படிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். ஒரு தம்பதியர் ஒருவர் நோட்டை ஒருவர் படிக்கலாம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டு பேருமே மற்றவர் படிப்பதற்காக எழுதத் தொடங்கினார்கள், உண்மை போய்விட்டது.

## 11. ஞாயிறன்று

சனி இரவு ஏழு வரிகளையும் சேர்த்துப் படியுங்கள். ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே இடம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வாரம் முழுக்க அன்பு சுருங்கியது இரவு உணவு நேரத்தில் என்றால், சாப்பாட்டு நேரத்தில் டிவியை நிறுத்துவதுகூட ஆன்மீகத் தீர்மானம்தான்.

ஞாயிறு திருப்பலியில் காணிக்கை நேரத்தில், அப்பமும் திராட்சை இரசமும் பீடத்துக்குப் போகும்போது அந்த ஏழு வரிகளையும் மனதில் ஏந்தி அவற்றோடு வையுங்கள். காணிக்கை நேரத்தில் பர்ஸைத் தேடுவதைத் தவிர வேறு வேலை இல்லாதிருந்த எனக்கு, இதற்கு அப்புறம்தான் அந்த நிமிடங்களுக்கு அர்த்தம் வந்தது.

## 12. குடும்பமாகச் செய்வதென்றால்

முழு ஆய்வையும் சேர்ந்து செய்ய முயலாதீர்கள். செபமாலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு நன்றி, அதோடு சரி. ஒரே விதி: அடுத்தவர் தவறை யாரும் சொல்லக் கூடாது. "இன்னைக்கு அண்ணன் அடிக்கலை, அதுக்கு நன்றி" என்று ஒரு சிறுமி சொன்னபோது அவளைத் திருத்த வேண்டியிருந்தது. "அண்ணன் பென்சில் கொடுத்தான்" என்று அவளே மாற்றிச் சொன்னாள். குழந்தைகளை முதலில் பேசவிடுங்கள். பெரியவர்கள் முதலில் பேசினால் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்வார்கள்.

## 13. வறண்ட நாட்களும் விட்டுப்போன நாட்களும்

சில வாரங்களில் ஒன்றுமே தோன்றாது. அப்போது நேரத்தைக் குறைக்காதீர்கள், முறையையும் மாற்றாதீர்கள். வறட்சியில் இருக்கும்போது, முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றக் கூடாது என்பது இஞ்ஞாசியாரின் விதி (எண் 318). பங்கு வேலையை விட்டுவிடலாமா, ஒருவரோடு உறவை முறித்துக்கொள்ளலாமா என்ற யோசனைகள் இந்த நாட்களில்தான் நியாயமாகத் தெரியும். பழைய நோட்டை எடுத்து, தெளிவாக இருந்த ஒரு வாரத்தை வாசியுங்கள். நோட்டு வைப்பது முக்கியமாக இதற்காகத்தான்.

தூக்கம் இல்லை, பசி இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்று வாரக்கணக்கில் போனால் அதை வறட்சி என்று சொல்லிச் செபத்தால் மட்டும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். சாக வேண்டும் என்று புதர் அடியில் படுத்த எலியாவிடம் வானதூதர் முதலில் சொன்னது, எழுந்து சாப்பிடு என்பதுதான் (1 அரசர்கள் 19).

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்துச் செய்யாதீர்கள். பத்து நாள் விட்டுப்போனாலும் அப்படியே. நோட்டில் அந்தத் தேதிகளுக்கு இடம் விடாமல், அடுத்த வரியில் இன்றைய தேதியைப் போட்டு, இன்று நடந்த ஒன்றுக்கு நன்றி சொல்லித் தொடங்குங்கள்.